முதுகுவலியும் முகாம் ஆபரேஷனும்

எழுபத்தொன்பதாம் வருஷம் மழை பிடித்த புதிதில், ஒரு நாள் முற்பகல், சங்கரலிங்கத்தைக் கைவண்டியில் படுக்க வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய சந்துக்குள் வண்டி நுழையாது. சந்து முனையில் அவரை இறக்கினார்கள். ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் பிச்சைமணியின் தோளையும் பிடித்துக்கொண்டு, குனிந்தவர் நிமிராமல், தரையைப் பார்த்தபடியே வாசல்வரை வந்தார்.

சேதி கேட்டு அவர் மனைவி ஆவுடையம்மாள் சுக்குக் கிடங்கிலிருந்து ஓடி வந்தாள். அங்கே அவள் சுக்கைப் புடைத்துத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தாள். தலைமயிரிலும் புருவத்திலும் அந்த வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது.

"என்ன ஆச்சு? மூட்டை மேல விழுந்துட்டா?"

"ஒண்ணுமே விழலக்கா" என்றான் பிச்சைமணி. அவனும் படகிலிருந்து சரக்கு இறக்கும் அதே கூட்டத்தில் சுமை தூக்குகிறவன். "வள்ளத்துக்குள்ள கெடந்த மூட்டைய எடுக்கக் குனிஞ்சாரு. அப்படியே திரும்புனாரு. அம்மான்னு ஒரு சத்தம். மூட்டை தலைக்குக்கூட வரல."

ஆவுடையம்மாளுக்கு அதுதான் விளங்கவில்லை. மழையில் வழுக்குகிற பலகை மேல் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமலே நடந்து போகிற மனிதர் அவர். சங்கரன்கோவிலிலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்தவர். அன்றிலிருந்து மட்டாஞ்சேரிக் கரையில் வந்து இறங்கிய மிளகிலும் சுக்கிலும் பாக்கிலும் ஒரு பங்கு அவர் தலைவழியாகத்தான் கிடங்குக்குப் போயிருக்கும். அப்படிப்பட்டவர் வெறுமனே குனிந்ததற்கு இப்படி ஆவாரா?

மாலையில் மூக்கம்மாள் வந்தாள். சங்கரலிங்கத்தின் அக்கா. அவரைக் கொச்சிக்குக் கூட்டி வந்ததே அவளும் அவள் புருஷனும்தான். புருஷன் போன பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இரண்டு சந்து தள்ளி இருந்துகொண்டு, ஆவுடையம்மாள் வேலை செய்த அதே சுக்குக் கிடங்குக்கு வந்துகொண்டிருந்தாள். தம்பியைக் கயிற்றுக் கட்டிலில் கண்டதும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஆவுடையம்மாளைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா. ஆம்பளைக்கு நரம்ப அறுத்துப் போட்டா இடுப்பு நிக்குமாளா?"

ஆவுடையம்மாள் சரிந்திருந்த போர்வையை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள். அவள் மனதிலும் கைவண்டியைப் பார்த்த நேரத்திலிருந்து அந்த ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

அது எட்டு வருஷத்துக்கு முந்திய கதை. மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் உயிர் போய் வந்தது. இன்னொன்று தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கே ஆபரேஷன் செய்யலாமென்றால் அதற்கும் உடம்பில் ரத்தம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் எறணாகுளத்தில் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் பெரிய அளவில் நடந்தது. கரையில், சாயாக்கடையில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. ஒரு நாள் ராத்திரிச் சோறு போடும்போது ஆவுடையம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீங்க போயிட்டு வரக் கூடாதா?"

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "சரி, போறேன்" என்றார். மறு வாரம் போட் ஏறிப் போனார். பரிசாகக் கொடுத்த அரிசியையும் ஒரு சேலையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். சில நாள் ஓய்வாக இருந்துவிட்டு வேலைக்கும் போய்விட்டார். அந்தப் பக்கத்து ஆண்களில் யார் யார் போனார்கள் என்பதை யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. சங்கரலிங்கமும் சொல்லவில்லை. ஆனால் மூக்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவனுக்குச் சத்து இருக்காது, சுமை தூக்க மாட்டான், குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்று அவள் மூன்று மாதம் தம்பி வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தாள். அவர் வழக்கம்போல் மூட்டை தூக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் மெல்ல வந்து போகத் தொடங்கினாள்.

இப்போது அவள் சொன்னது பலித்துவிட்டதுபோல் ஆயிற்று.

பக்கத்திலிருந்த வைத்தியர் வந்து தைலம் போட்டுத் தடவினார். தடவும்போது சுகமாக இருந்தது. இரண்டு நாள் தேவலை என்றுகூடச் சொன்னார் சங்கரலிங்கம். ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும், எழுந்தால் தண்டு விலகிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதை வீட்டில் எல்லாரும் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அது பழைய கட்டில், கயிறு தளர்ந்து நடுவில் தொட்டில்போல் தொங்கும். காலையில் எழுந்திருக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு வாரம் போய், இரண்டு வாரம் போய், ஒரு மாதம் நெருங்கியது. வலி குறையவில்லை. தொடை மெலிந்துவிட்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

பிள்ளைகள் அப்பாவின் கட்டில் பக்கம் சத்தமில்லாமல் நடந்தார்கள். ஆவுடையம்மாள் விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போவாள், மத்தியானம் ஓடி வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள், மறுபடி போவாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் காலை, பின்பக்கம் போவதற்காக அவரைத் தாங்கி எழுப்பினாள். கட்டில் விளிம்பிலிருந்து எழும்போது வலி வெட்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர், மெதுவாகத்தான் சொன்னார்.

"உன் பேச்சக் கேட்டுப் போனேம்லா. பாரு இப்ப."

எட்டு வருஷத்தில் அவர் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் அவரைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டி வந்து படுக்க வைத்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. அது தெரிந்தும் அங்கேயே நின்றாள். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனுஷனின் பலத்தை வாங்கிவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து கூப்பிட்ட பிறகுதான் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

அந்த வாரக் கடைசியில் அவுசேப்பு சேட்டன் பார்க்க வந்தார். யூனியனில் அவர்கள் கூட்டத்துக்குப் பொறுப்பானவர். வைப்பின் தீவுக்காரர், உரத்த குரல். கட்டிலைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆசுபத்திரியில் காணிச்சோ?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்தது.

"இங்ஙனே கிடந்நால் மதியோ சங்கரா? எறணாகுளத்து கொண்டுபோ. எல்லு டாக்டர் உண்டு. நின்றெ ஸ்தானம் இவிடத் தன்னெ உண்டு, அது பேடிக்கண்டா."

இப்படியே கிடந்தால் போதுமா, எறணாகுளத்தில் எலும்பு டாக்டர் இருக்கிறார் என்றார். வேலையில் உன் இடம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பயப்படாதே என்று அவர் சொன்னது சங்கரலிங்கத்துக்குப் பாதி மருந்து. மீதிப் பாதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு மனசில்லை. அங்கே போனால் பழைய ஆபரேஷனைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குத்தான் அவர் அஞ்சினார். ஆவுடையம்மாள் இந்தத் தடவை தயங்கவில்லை.

"நாளைக்குப் போறோம்" என்றாள்.

போட்டில் அவரால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எறணாகுளம்வரை போனார். ஆஸ்பத்திரியில் கூட்டம். வரிசையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்று, முறை வந்து உள்ளே போனபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது.

டாக்டர் சாக்கோ நடுத்தர வயதுக்காரர். மதுரையில் படித்தவராம், தமிழ் பேசினார். பேச்சுக்கு நடுவில் மலையாளம் தானாக வந்து விழும். சங்கரலிங்கத்தை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் உட்காரப் படும் பாட்டைப் பார்த்து, "வேண்டா, நின்னே சொல்லுங்க" என்றார்.

எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, காய்ச்சல் உண்டா, ராத்திரி வலியில் விழிப்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தொடைவரைக்கும் சில நேரம் இழுக்கும், மற்றது ஒன்றும் இல்லை என்றார் சங்கரலிங்கம். குதிகாலால் நடக்கச் சொன்னார், விரலால் நடக்கச் சொன்னார். மேஜை மேல் மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். முட்டியில் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளியது. தலையை ஆட்டிக்கொண்டார்.

"இதுக்கு முன்னே ஏதாவது ஆபரேஷன் உண்டோ?"

சங்கரலிங்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"உண்டு சார்" என்றாள் ஆவுடையம்மாள். "முகாம்ல செஞ்சாங்க. நான்தான் போகச் சொன்னேன்." தொடங்கிவிட்ட பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "நரம்ப அறுத்ததாலதான் இடுப்பு போச்சுன்னு சொல்லுதாங்க சார். இவுகளும் அப்படித்தான் நெனைக்காக. எனக்கு நெசத்தச் சொல்லணும். மனசு ஆறட்டும்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். சிரிப்பார் என்று அவள் பயந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இத என்கிட்ட எத்தனையோ ஆளுகள் கேட்டாச்சு அம்மா. பொம்பளைங்க வந்தா, பிரசவத்துல முதுகுல போட்ட ஊசின்னு சொல்லுவாங்க. ஆம்பளைங்க வந்தா இது. கேளுங்க. அங்க அறுத்தது நரம்பே இல்ல. அது ஒரு சின்னக் குழாய். அதுக்குள்ள போறது குழந்தை உண்டாகுறதுக்கான வித்து மாத்திரம். பலம் அது வழியாப் போறதில்ல. அந்தக் குழாய்க்கும் இந்த முதுகுக்கும் ஒரு பந்தமும் இல்ல." பிறகு சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் கழிஞ்சு எத்தனை வருஷமா மூட்டை தூக்குனீங்க?"

"எட்டு வருஷம்."

"அப்பெல்லாம் பலம் எங்கிருந்து வந்துச்சு?"

சங்கரலிங்கம் முதல் தடவையாக டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

அறை மூலையில் பஞ்சுப் பெட்டி ஒன்று கிடந்தது. அதை மூட்டை என்று வைத்துக்கொண்டு எப்படி எடுப்பீர்கள் என்று காட்டச் சொன்னார் டாக்டர். தூக்க வேண்டாம், குனிகிற மாதிரி மட்டும் போதும். சங்கரலிங்கம் போய் நின்றார். கால் இரண்டையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து வளைந்து, பக்கவாட்டில் திரும்பத் தொடங்கினார்.

"மதி, மதி. நில்லுங்க. மனசிலாயி, புரிஞ்சுது."

அவரைப் பிடித்து நிமிர்த்திவிட்டு டாக்டர் சொன்னார்: "முட்டி மடங்கவே இல்ல பாருங்க. மொத்த பாரமும் நடுமுதுகுல வாங்குறீங்க. அதோட ஒரு திருப்பு வேற. தலையில வச்சு நேரா நடக்குறது இந்த அளவுக்குக் கெடுதல் இல்ல. எடுக்குறதும் எறக்குறதும்தான் முதுகத் தின்னும். இத்தன வருஷமா தசை பொறுத்துப் பொறுத்து, ஒரு நாள் மாட்டேன்னு சொல்லிருச்சு. அதுக்குப் பெரிய மூட்டை வேணும்னு இல்ல. செருப்பு எடுக்கக் குனிஞ்சாலும் பிடிச்சுக்கும்."

"வீட்ல எப்படி இருக்கீங்க? நடக்கிறீங்களா?" என்று தொடர்ந்து கேட்டார்.

"படுத்துதான் கெடக்காக சார்" என்றாள் ஆவுடையம்மாள். "கயித்துக் கட்டில்ல. எந்திரிச்சா தண்டு விலகிரும்னாங்க."

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னேன், ரெண்டு மாசம் படுன்னு. படுத்தவங்க எந்திரிக்க மாட்டாம ஆனதப் பாத்து நிறுத்திட்டேன். ரெண்டு மூணு நாள் வேணும்னா கிடக்கலாம். அதுக்கு மேல கிடந்தா தசை உருகிப்போகும். உங்களுக்கு அன்னைக்கு வந்தது ஒரு வலி. இப்ப இருக்குறதுல பாதி இந்தக் கட்டில் தந்தது."

சந்தேகத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். மத்தியானம் படம் வந்தது. ஈரம் காயாத அந்தக் கறுப்புத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சங்கரலிங்கத்துக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. சங்கிலிபோல் அடுக்கியிருந்ததுதான் தன் முதுகு என்று தெரிந்தது. உடைவு இல்லை, விலகல் இல்லை, எலும்பில் நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். வயசுக்கும் வேலைக்கும் ஏற்ற தேய்மானம் கொஞ்சம், அது எல்லாருக்கும் இருக்கும்.

"அப்ப ஆபரேஷன்?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள், கடைசியாக ஒரு தரம்.

"அது உங்க உயிரக் காத்தது. வேற ஒண்ணும் செய்யல."

வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தரையில் பாய் விரித்துப் படுக்கணும், மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் துணிச் சுருள் வைக்கணும். வெந்நீர் ஒத்தடம். நாளை முதல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கணும், வலித்தாலும் பயப்பட வேண்டாம், நடக்கிற வலி கெடுக்கிற வலி அல்ல. வயிற்றுக்கும் இடுப்புக்கும் சில பயிற்சிகளை ஒரு உதவியாளர் காட்டிக் கொடுத்தார். "கால் பலமில்லாம ஆனா, மூத்திரம் அடைச்சுச்சுன்னா, அன்னைக்கே ஓடி வரணும். மத்தபடி இனி என்னைப் பாக்க வேண்டியதில்ல" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

திரும்பும் போட்டிலும் அவர் நின்றுகொண்டுதான் வந்தார். ஆவுடையம்மாள் பக்கத்தில் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை வெறித்திருந்தது. வில்லிங்டன் தீவைத் தாண்டினார்கள், தூரத்தில் கப்பல்கள் தெரிந்தன.

"அன்னைக்கு ஒண்ணு சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"சொன்னீங்க."

"வலியில வந்துட்டு."

"வலியில யாரும் சொல்லுவாங்க."

அவர் கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "வலியில மட்டும்னு இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச நாள்லேருந்தே உள்ளுக்குள்ள இருந்துச்சு. ஒவ்வொரு மூட்டைக்கும் நெனப்பேன். இன்னைக்குத் தூக்கிட்டேன், நாளைக்கு முடியுமான்னு. யார்ட்ட சொல்ல?"

"என்ட்ட சொல்லிருக்கலாம்."

"உன்ட்ட எப்படிச் சொல்ல? நீ கெடந்த கெடையப் பாத்தவன்லா நான். சொன்னா நீ தாங்குவியா?"

ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள். அழுகிறாளோ என்று அவர் குனிய முயன்றார். இடுப்பு விடவில்லை. "குனியாதீங்க, டாக்டர் என்ன சொன்னாரு" என்று அதட்டியவள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள் இவர்களையே பார்த்தார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கைவண்டி வந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்தது இறங்கிப் போனதில் உடம்பே காலியானதுபோல் இருந்தது. மட்டாஞ்சேரி ஜெட்டிப் படகுத்துறையில் இறங்கியதும் பசி தெரிந்தது. இரண்டு பேரும் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டார்கள். அவர் கடைத்தூணில் சாய்ந்து நின்றபடி இரண்டாவது பழம்பொரியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மாதத்தில் அவர் கேட்டு வாங்கித் தின்ற முதல் பண்டம் அது.

அன்றே கயிற்றுக் கட்டிலைச் சுவரில் சாத்தி நிறுத்தினார்கள். முதல் நாள் சந்து முனைவரை நடந்தார். மறுநாளும் அதே தூரம்தான். வலித்தது. பயப்படாமல் வலியை அனுபவிப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. அடுத்த வாரம் பஜார் ரோட்டில் கால் வைத்தார். இன்னும் சில நாளில் ஜெட்டிவரை போய் அங்கே போட் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். காலையில் பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குவார். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. மூன்று பேரும் பக்கத்தில் படுத்துக்கொண்டு அப்பாவைப்போலவே இடுப்பைத் தூக்குவார்கள்.

அந்த நேரம் பார்த்து மூக்கம்மாள் வந்துவிட்டாள். தம்பியும் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்து உடம்பைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு வாசலிலேயே நின்று கத்தினாள்.

"ஏளா ஆவுடை, ஓடி வா, இவனுக்கு வலிப்பு."

சங்கரலிங்கம் சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒத்தடம் போட வேண்டியதாயிற்று.

சாயாக்கடையில் நடந்தது வேறு. ஒரு நாள் நடை முடிந்து அங்கே போனபோது பிச்சைமணியும் அவுசேப்பு சேட்டனும் இருந்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான் பிச்சைமணி. எட்டு வருஷம் வாயைத் திறக்காதவர், அன்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"முகாம்ல ஆபரேஷன் செஞ்சதுதான் காரணம்னு நெனச்சேன். அது இல்லையாம். அறுக்குறது நரம்பே கெடையாதாம். மூட்டை எடுக்கத் தெரியாம எடுத்ததுதான்."

பிச்சைமணி அப்படியே நின்றான். பிறகு குரலை இறக்கி, "நெசமா அண்ணாச்சி?" என்றான். "நானும் போனேன் அந்த முகாமுக்கு. வீட்ல தவிர யாருக்கும் தெரியாது. முழங்கால் வலிச்சாக்கூட அதுனாலதான்னு ராத்திரி பூரா யோசிப்பேன்."

பெஞ்சின் மறுமுனையில் அவுசேப்பு சேட்டன் தொண்டையைச் செருமினார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, உரத்த குரலை மறந்து, "ஞானும்" என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைக்காரன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இன்னொரு சுற்று சாயா போட்டான்.

ஓணம் கழிந்து சங்கரலிங்கம் வேலைக்குப் போனார். முதலில் கிடங்குக்குள் அடுக்கும் லேசான வேலை. பிறகு பழைய வேலை. ஆனால் வள்ளத்திலிருந்து மூட்டை எடுக்கும் முறையை அவுசேப்பு சேட்டன் மாற்றினார். தனியாக யாரும் குனிந்து எடுக்கக் கூடாது, இரண்டு பேர் முட்டி மடக்கி உட்கார்ந்து இரு முனையும் பிடித்துத் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். நேரம் ஆகிறது என்று முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் முணுமுணுத்தவர்களும் அப்படியே செய்தார்கள். சங்கரலிங்கம் மூட்டையை இறக்கும்போது உடம்பைத் திருப்பாமல் காலைத் திருப்பப் பழகிக்கொண்டார். பழகுவதற்குத்தான் வெகு நாள் பிடித்தது. பின்னாலிருந்து யாராவது, "அண்ணாச்சி, முட்டி, முட்டி" என்று கத்த வேண்டியிருந்தது.

மூக்கம்மாள் மட்டும் நம்பவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், முகாம் நடத்தினவர்களே அவர்கள்தானே என்றாள். ஆவுடையம்மாள் அவளோடு வாதாடவில்லை. அவளுக்கே தெளிந்துவிட்ட பிறகு இன்னொருவரைத் தெளிய வைக்கும் அவசரம் இருக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு பிற்பகல், கிடங்கில் சுக்குக் குவியலுக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மூக்கம்மாள், சாயா நேரத்தில் எழுந்திருக்க முடியாமல் முறத்தைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று சாய்ந்தாள். காலையிலிருந்து ஒரே குனிவாக உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தவள். பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஆவுடையம்மாள் தோள் கொடுத்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பாய் விரித்தாள். முட்டிக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து இடுப்பில் போட்டாள். மூக்கம்மாளின் முனகல் மெல்ல அடங்கியது.

"மைனி" என்றாள் ஆவுடையம்மாள், துணியை மறுபடி நனைத்தபடி. "உங்களுக்கு எந்த முகாம்ல செஞ்சாங்க?"

மூக்கம்மாள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு, "போளா" என்றாள். சொல்லும்போது வாயோரம் கோணியது. சிரிப்பை அடக்கிக்கொண்டதுதான் அது என்று ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது. அதன் பிறகு மூக்கம்மாள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கிடங்கில் மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலடி நடந்துவிட்டு வருவதையும், முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருவதையும் பெண்களுக்குள் முதலில் ஒரு பழக்கமாக்கியவள் மூக்கம்மாள்தான். மேஸ்திரி கேட்டால், "இடுப்பு உன்னுதா என்னுதா?" என்பாள்.

வலி சங்கரலிங்கத்தை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. எண்பத்து மூன்றில் ஒரு தடவை வந்தது, எண்பத்தாறில் மழைக்காலத்தில் இன்னொரு தடவை. எண்பத்தாறில் அது வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆவுடையம்மாள் கடையிலிருந்து வந்தபோது அவர் தரையில் மல்லாந்து படுத்து, காலிரண்டையும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தார்.

"என்ன, வந்துட்டா?"

"வந்துட்டு. அலமாரிக்கு அடியில ஏதோ உருண்டு போச்சுன்னு அவசரத்துல குனிஞ்சேன்."

"காலு மரக்குதா?"

"இல்ல. ஒண்ணுமில்ல. ரெண்டு மூணு நாள்ல போயிரும்."

அவள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். ஒத்தடம் கொடுத்து முடித்தபோது மழை விட்டிருந்தது. அவர் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுளித்தது, சரியாயிற்று.

"கொஞ்சம் நடந்தா எளகும்" என்றார். "ஜெட்டி வரைக்கும். நீயும் வாரியா?"

கிடங்கும் வீடும் பிள்ளைகளும் என்று ஓடிக்கொண்டே இருந்தவளுக்கு, ஒன்றும் வாங்காமல் ஒரு வேலையும் இல்லாமல் அவரோடு தெருவில் நடந்த ஞாபகமே இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் பஜார் ரோட்டில் இறங்கினார்கள். கிடங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அவர் மெதுவாக நடந்தார். அவளும் அவருடைய நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்தாள்.